பப்ளிக் டொமைனைப் ‘பொதுவெளி’ என்று எழுத வேண்டாம்

“அது பொதுவெளியில கெடக்குதுல்லா அண்ணே, எடுத்துப் போடலாம்லா.” நாகர்கோவில் பக்கம் ஆவணப்படம் எடுக்கிற பிள்ளைகள் எடிட்டிங்குக்கு உட்காரும்போது இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. 2004 சுனாமியில் குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்த காட்சி யூடியூபில் கிடைக்கிறது. மூலையில் சேனலின் முத்திரைகூட அப்படியே இருக்கும். அதை இறக்கித் தங்கள் படத்தின் டைம்லைனில் வைத்துவிடுவார்கள். அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, நம்பித்தான் செய்கிறார்கள். அந்த நம்பிக்கையை ஊட்டியது ஒரு மொழிபெயர்ப்பு என்பதுதான் என் மனக்குறை.

பப்ளிக் டொமைன் என்பது சட்டச் சொல். ஒரு படைப்பின் மேல் யாருக்கும் பதிப்புரிமை இல்லாத நிலையைக் குறிக்கிறது. டொமைன் பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் இலத்தீன் டொமினுஸ், அதாவது உடையவர். ஆக டொமைன் என்றால் உடைமை. பதிப்புரிமைக்காக நாடுகள் கூடி 1886-இல் கையெழுத்திட்ட பெர்ன் ஒப்பந்தத்திலேயே இந்தத் தொடர் இருக்கிறது. சரி, வரலாறு இவ்வளவு போதும்.

உடைமையைக் குறிக்கிற இந்தச் சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் இடத்தைக் குறிக்கிற சொல்லாக எடுத்துக்கொண்டார்கள். இணையதள முகவரிக்கும் டொமைன் என்று பெயர் இருப்பதால், கணினி அகராதியைப் பார்த்துச் சிலர் ‘பொதுக்களம்’ என்றார்கள். அதைவிட அழகாக இருக்கிறதென்று சிலர் ‘பொதுவெளி’ என்றார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. நாலு பேர் கூடுகிற இடம், நாலு பேர் காதில் விழும்படி பேசுவது, இதுதான் பொதுவெளி. பொதுவெளியில் நாகரிகமாகப் பேச வேண்டும் என்கிறோமே, அந்தப் பொதுவெளி. ஆகவே ஒரு வீடியோ பொதுவெளியில் இருக்கிறது என்றால் எல்லாரும் பார்க்கக் கிடைக்கிறது என்றுதான் தமிழ் காதில் விழும். பார்க்கக் கிடைப்பதும் எடுத்துக்கொள்ளக் கிடைப்பதும் ஒன்றாகுமா? மதிலுக்கு வெளியே தொங்குகிற பலாச்சக்கையை ஊரே பார்க்கலாம், அதற்காக மரத்துக்காரர் மாறிவிடுவதில்லை.

சட்டப்படி பார்த்தால், இந்தியாவில் படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை உண்டு. 2004 டிசம்பரில் ஒளிபரப்பான அந்தக் கடற்காட்சிக்கு 2064 முடியும் வரை உரிமைக்காரர் இருக்கிறார். பல லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள் என்பதால் இதில் ஒரு நாள்கூடக் குறையாது. பொதுவெளி என்ற சொல் இந்த 60 ஆண்டையும் ஒரே நொடியில் விழுங்கிவிடுகிறது.

கன்னியாகுமரிப் பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000 சனவரி 1-இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை நிற்பதைப் போலப் பொதுவெளியில் வேறெது நிற்கும்? ஆனால் சிலை ஒரு கலைப்படைப்பு, அதற்கும் பதிப்புரிமை உண்டு. பிறகு எப்படி எல்லாரும் படம் பிடிக்கிறோம் என்றால், பொது இடத்தில் நிலையாக இருக்கிற கலைப்படைப்பைப் படத்தில் காட்டலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு கொடுத்திருக்கிறது. உரிமை இருக்கிறது, அதில் ஒரு விலக்கும் இருக்கிறது. அந்த வள்ளுவர் எழுதிய குறளின் நிலை வேறு. அதற்கு உரிமைக்காரர் யாருமே இல்லை. இந்தக் காலத்து உரையாசிரியர் எழுதிய உரைக்கோ உண்டு. அவர் காலமாகி 60 ஆண்டு போக வேண்டும். அப்புறம் அதே சிலையை வேறொருவர் ட்ரோனில் எடுத்த காட்சி, அது எடுத்தவருடையது. ஒரே பாறையில் நாலு வகை நிலை. நாலையும் ‘பொதுவெளி’ என்ற ஒரு சொல்லில் அடைத்தால் எந்தக் காட்சிக்கு யாரிடம் கேட்பது என்று யாருக்கு விளங்கும்?

இன்னொரு சாரார் ‘நாட்டுடைமை’ என்கிறார்கள். இவர்களாவது உடைமை என்பதைப் பிடித்தார்கள். ஆனால் நாட்டுடைமை தமிழ்நாட்டு அரசு எழுத்தாளர்களின் நூல்களுக்குச் செய்கிற தனி ஏற்பாடு. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து, ஆணை போட்டுச் செய்வது. உரிமைக் காலம் தானாக முடிவது வேறு. பாரதி பாடல்களின் கதையிலேயே இது தெளிவாகத் தெரியும். அந்தப் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் ஏவி.எம். கையில் இருந்தது. நம்மூர் என்.எஸ்.கிருஷ்ணன் நடித்துப் பழகிய நாடகக் குழுவை நடத்திய டி.கே.எஸ். சகோதரர்கள், தங்கள் படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்ததற்காக வழக்கைச் சந்தித்தார்கள். 1949-இல் அரசு உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. பாரதி மறைந்தது 1921, அன்றைய சட்டத்தில் காலம் 50 ஆண்டு. சும்மா விட்டிருந்தால் 1971 வரை உரிமை இருந்திருக்கும். காலம் முடியும் முன்னால் விடுவித்ததால்தான் அது நாட்டுடைமை. காலம் முடிந்துபோன பழைய படத்தையும் நாட்டுடைமை என்று எழுதினால், இதற்கு அரசாணை எண் என்ன என்று கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்வது?

‘பொதுவுடைமை’ வேருக்கு மிக நெருக்கமான சொல். ஆனால் பூதப்பாண்டியில் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பிறந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் சொல்ல என்னால் முடியாது. அது அரசியல் கொள்கையின் பெயராகி நெடுநாளாகிறது.

தூய தமிழ் வேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. ஃபுட்டேஜ், ரைட்ஸ், கிளியரன்ஸ் எல்லாம் படப்பிடிப்பு ஆட்களின் வாயில் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். தப்பான தமிழைவிடத் தெரிந்த இங்கிலீஷ் மேல். ஒரு ஒப்பந்தத்தில் ரைட்ஸ் கிளியரன்ஸை ‘உரிமைத் தெளிவு’ என்று எழுதியிருந்தார்கள். யார் யாருக்கு எதைத் தெளிவாக்குவது? ‘உரிமை அனுமதி’ என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடுகிற பெரியவருக்கும் விளங்கியிருக்கும். இதைவிட மோசமானது ‘காப்புரிமை’. பேட்டண்டுக்கும் அதே, காபிரைட்டுக்கும் அதே. அதோடு ஆர்க்கைவ் ‘காப்பகம்’ ஆகிவிட்டதால், காப்பகத்தில் இருப்பதற்கெல்லாம் காப்பகமே காப்புரிமைக்காரர் என்று ஒரு குழப்பம். 1956 நவம்பர் 1-இல் குமரி தமிழ்நாட்டோடு இணைந்ததைப் பற்றிப் படம் எடுக்கிறவர் பழைய செய்திச்சுருளைத் தேடிப் புனேயிலுள்ள திரைப்படக் காப்பகம் வரை போவார். அங்கே பிரதி எடுக்கக் கட்டணம் கட்டினால் உரிமையும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். காப்பகம் பிரதியைப் பாதுகாக்கிறது. உரிமை வேறொருவரிடம் இருக்கலாம், காலம் முடிந்து யாரிடமும் இல்லாமலும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு பெயர்க்கிறவர்களுக்கு இந்த அலைச்சல் தெரிவதில்லை.

நான் சொல்வது ‘உரிமை நீங்கிய படைப்பு’. காலம் முடிந்தாலும் உரிமை நீங்குகிறது. சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி படைத்தவரே விட்டுக்கொடுத்தாலும் நீங்குகிறது. குறளுக்கு உரிமை என்றைக்கு இருந்தது நீங்குவதற்கு என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனாலும் தயாரிப்பு அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியது இன்றைக்கு இதன் மேல் யாருக்காவது பிடி இருக்கிறதா என்பதே. அதற்கு இந்தச் சொல் நேராகப் பதில் சொல்கிறது. உரிமை என்ற சொல் உள்ளேயே இருப்பதால், எழுதும்போதே எந்த உரிமை, யாருடையது, எப்போது நீங்கியது என்ற கேள்வி வந்துவிடும். பழைய படம் ஒன்றுக்கு 60 ஆண்டு முடிந்திருக்கலாம். அதற்குள் இருக்கும் பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு, எழுதியவரும் இசையமைத்தவரும் காலமான ஆண்டிலிருந்து 60.

தேரூரில் பிறந்த கவிமணியின் பாட்டை ஒரு ஆவணப்படத்தில் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் 1954-இல் மறைந்தார். 2014 முடிந்ததோடு அவர் வரிகளின் உரிமைக் காலமும் முடிந்தது. ஆனால் நம் கையில் இருப்பது 1990-களில் வந்த கேசட்டில் ஒருவர் பாடிய பதிவு. மெட்டின் கணக்கைத் தனியே வைத்தாலும், கிளியரன்ஸ் பட்டியலில் இது இரண்டு வரியாக வர வேண்டும். பாடல் வரிகள்: கவிமணி, உரிமை நீங்கியது, 2015 சனவரி 1 முதல். ஒலிப்பதிவு: கேசட் வெளியிட்ட நிறுவனம், எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.