வெள்ளையோ, மஞ்சளோ?

யாழ்ப்பாணத்தில் எந்தக் கடைக்குப் போய் பல்ப் கேட்டாலும் முதலில் வரும் கேள்வி, "வெள்ளையோ அண்ணை, மஞ்சளோ?" என்பதுதான். பிள்ளை படிக்கிற அறைக்கு என்றால் கடைக்காரரே வெள்ளையை எடுத்து நீட்டிவிடுவார். அந்த வெளிச்சத்தில் பிள்ளை நித்திரை தூங்காதாம். அவர் சொல்வதில் பாதி உண்மை.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சளில் 2700 அல்லது 3000 கெல்வின் என்றும் வெள்ளையில் 6500 கெல்வின் என்றும் இருக்கும். இரும்பை உலையில் காய்ச்சினால் முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகி வெளிறும். ஒரு பொருளை அதற்கும் மேலே சூடாக்கிக்கொண்டே போனால் வெள்ளையில் நீலம் ஏறும். அந்தச் சூட்டின் கணக்குதான் இந்த எண். சண்டைக் காலத்தில் ஜாம்போத்தலில் திரி போட்டு நாங்கள் படித்த எண்ணெய் விளக்கு 2000ஐக்கூடத் தொடாது. எல்ஈடி பல்ப் அவ்வளவு சூடாவதில்லை, நிறத்தை ஒப்பிட மட்டுமே அந்த எண். அதற்குள் இருப்பது நீல ஒளி தரும் சின்னஞ்சிறு சிப். மேலே பூசிய பொஸ்பர் என்ற ஒளிரும் பொருள் அந்த நீலத்தில் ஒரு பங்கை விழுங்கி மஞ்சளாகக் கக்குகிறது. நீலம் அதிகம் தப்பி வந்தால் வெள்ளை பல்ப், குறைவாக வந்தால் மஞ்சள் பல்ப்.

நீலத்துக்கும் நித்திரைக்கும் என்ன தொடர்பு? விடை தவளைத் தோலில் இருந்து வந்தது. ஒளியை உணரும் மெலனொப்சின் என்ற புரதத்தை 1998இல் அங்கேதான் கண்டார்கள். எங்கள் விழித்திரையிலும் அது இருக்கிறது. உருவம் பார்க்க உதவும் கோல்கள், கூம்புகள் தவிர, இந்தப் புரதத்தோடு இன்னொரு வகைக் கலமும் உண்டு என்பது 2002இல் தெளிவானது. பகலா இரவா, வெளிச்சம் எவ்வளவு என்று மூளைக்கு அறிவிப்பதுதான் அதன் முக்கிய வேலை. 480 நனோமீற்றர் பக்கமுள்ள நீலத்துக்கு அது நன்றாக விழிக்கும்.

இரவில் இந்தக் கலங்கள் தூண்டப்பட்டால், நித்திரைக்கு உடலைத் தயாராக்கும் மெலற்றோனின் என்ற ஓமோன் சுரப்பது குறையும், நித்திரை தள்ளிப்போகும். பகலிலும் அதேதான் நடக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். பகலில் மெலற்றோனின் ஏற்கெனவே இல்லாத குறைதான், பிறகு எதைக் குறைப்பது? பகலில் உசார் வருவது மூளையின் விழிப்புப் பகுதிகளுக்குப் போகும் வேறு வழிகளால். அதனால் பலன் சிறிது, ஆளுக்கு ஆள் மாறும். 2008இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், 17,000 கெல்வின் விளக்கின் கீழ் நான்கு வாரம் வேலை செய்த அலுவலகத்தார் உசார், மனநிலை, வேலை எல்லாம் மேம்பட்டதாகச் சொன்னார்கள். ஆனால் அது அவர்களே தங்களுக்குப் போட்ட புள்ளி. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கவில்லை.

எனக்கு நிறத்தைவிட அளவுதான் பெரிய விசயமாகப் படுகிறது. மஞ்சளை மாற்றி வெள்ளை போட்டால், அதே வெளிச்சத்தில் இந்தக் கலங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய இரட்டிப்பாகும். சரி, நல்லதுதான். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில், வீட்டு அறையில் 100 முதல் 300 இருந்தால் பெரிது. முகில் மூடிய பகலிலும் வெளியே 10,000 லக்ஸ் வரும். பகலில் கண்ணுக்கு வரும் ஒளி, இந்தக் கலங்களின் கணக்கில் 250 லக்ஸாவது வேண்டும் என்பது 2022இல் நிபுணர்கள் சொன்ன அளவு. படுக்கப் போகும் முன் மூன்று மணித்தியாலம் அது 10ஐத் தாண்டக்கூடாது.

அந்த வகையில், அரைச்சுவரும் கிடுகுக் கூரையுமாக இருந்த ரியூசன் கொட்டில்கள் கெட்டித்தனமானவை. வியர்த்துக் கொட்டும், பக்கத்து வகுப்புச் சத்தம் கேட்கும், வெளிச்சத்துக்கு மட்டும் குறைவில்லை. இப்போது ஏசி போட்டு, திரை இழுத்து, உச்சிப் பகலில் ரியூப் லைற்றில் பாடம் நடக்கிறது. பின் வாங்கில் இருப்பவன் தூங்கினால் மத்தியானச் சோற்றை மட்டும் குறை சொல்ல முடியாது.

கடைக்காரர் தந்த வெள்ளை பல்ப் எங்கள் வீட்டில் இப்போது குசினியில் எரிகிறது. மகளின் மேசையைப் பகலில் விறாந்தைக்கு இழுத்துவிட்டோம், மாமரத்துக் காகங்கள் எச்சமிடாத பக்கமாகப் பார்த்து. பொழுதுபட உள்ளே வந்தால் மஞ்சள் லைற்.