கடவுச்சொல் சரிதான், கதவு ஏன் திறக்கவில்லை?

2020 மே மாத இறுதியில் விண்டோஸ் 10 இயங்குதளத்தின் 2004 என்று எண்ணிடப்பட்ட பதிப்பு வெளிவந்தது. அதை நிறுவிய பல கணினிகளில் ஒரு விசித்திரமான தொல்லை தொடங்கியது. அவுட்லுக்கைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது. சரியான கடவுச்சொல்லைத் தட்டினால் அஞ்சல்கள் ஒழுங்காக வந்தன. கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் மறுபடியும் கேட்டது. குரோம் உலாவியும் சேமித்து வைத்திருந்த உள்நுழைவுகளை மறந்துபோனது. இப்படி நடக்கும்போது யாருக்கும் முதலில் தோன்றுவது, கடவுச்சொல்லை மாற்றிப் பார்க்கலாம் என்பதுதான். அதனால் ஒரு பயனும் இல்லை. அங்கே கடவுச்சொல்லில் கோளாறே இல்லை.

இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு மின்னஞ்சல் திறக்காமல் போகும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. நாம் தட்டிய கடவுச்சொல்லுக்கும் அஞ்சல் பெட்டிக்கும் நடுவே பல கட்டங்கள் இருக்கின்றன. கணினி அந்தக் கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்துக்கொடுக்க வேண்டும். கணினியின் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். எதிரே இருக்கும் சர்வர் உண்மையானதுதானா என்று அதன் சான்றிதழைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். கணினிக்கும் சர்வருக்கும் தெரிந்த ஒரு மறையாக்க முறையில், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி தகவலை மாற்றி அனுப்பும் முறையில், இணைப்பு அமைய வேண்டும். இருவரும் ஏற்கும் ஓர் உள்நுழைவு முறையும் வேண்டும். இவற்றில் எது அறுந்தாலும் பல அஞ்சல் செயலிகள் காட்டுவது ஒரே சிறு சாளரம்: ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’. குற்றம் நம்முடையது என்று அந்தச் சாளரம் நம்ப வைத்துவிடுகிறது.

முதல் கட்டத்திலிருந்து தொடங்குவோம். அஞ்சல் செயலிகள் பெரும்பாலும் கடவுச்சொல்லைத் தாமே வைத்துக்கொள்வதில்லை, இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிடுகின்றன. விண்டோஸில் கிரெடென்ஷியல் மேனேஜர், மேக்கில் கீசெயின், லினக்ஸில் க்னோம் என்ற திரைச்சூழலைப் பயன்படுத்துவோருக்கு க்னோம் கீரிங் என்று இந்தப் பெட்டகத்துக்குப் பெயர்கள் உண்டு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து விண்டோஸின் பெட்டகம் டேட்டா ப்ரொடெக்ஷன் ஏபிஐ என்ற ஏற்பாட்டை நம்பி இயங்குகிறது. ரகசியங்கள் ஒரு முதன்மைச் சாவியின் துணையோடு மறையாக்கப்படுகின்றன. அந்த முதன்மைச் சாவியோ, நாம் கணினிக்குள் நுழையத் தட்டும் கடவுச்சொல்லிலிருந்து உருவாகும் இன்னொரு சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. எனவே கணினியின் கடவுச்சொல்லை வழக்கமான முறையில், பழையதைக் கொடுத்து மாற்றினால் முதன்மைச் சாவி புதிய பூட்டுக்கு மாற்றப்படும். பழையது மறந்துபோய், நிர்வாகி கணக்கின் வழியாக அதைத் தூக்கிவிட்டுப் புதிதாக வைத்தால், அந்தக் கணினியிலேயே உருவாக்கிய உள்ளூர்க் கணக்கில் முதன்மைச் சாவி திறக்காமல் போய்விடும். சேமித்த கடவுச்சொற்கள் வட்டில் அப்படியே இருக்கும், படிக்கத்தான் முடியாது.

2020-இல் நடந்தது இதற்கு நெருங்கிய உறவுடையது. விண்டோஸில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் பணிகள் உண்டு. அவற்றில் ஒரு வகை, பயனரின் பெயரில் ஓடும், ஆனால் அவருடைய கடவுச்சொல்லைக் கேட்காது. அச்சுப்பொறி மென்பொருள் போன்றவை நிறுவிவிட்டுப் போன அத்தகைய பணிகள் பல கணினிகளில் இருந்தன. புதிய பதிப்பில் இருந்த ஒரு பிழையால், அந்தப் பணி ஓடும்போது பயனரின் பெட்டகத்தைத் திறக்கத் தேவையான தகவல் இயங்குதளத்தின் நினைவிலிருந்து நழுவியது. அவுட்லுக் கேட்டபோது பெட்டகம் திறக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பணிகளை நிறுத்தி வைப்பதே தற்காலிகத் தீர்வாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் 2021-இன் தொடக்கத்தில் பிழையைச் சரிசெய்தது. மாதக்கணக்கில் மக்கள் சரியான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேக் பயனர்கள் தடுமாறும் இடம் வேறு. கீசெயினில் உள்ள ஒவ்வொரு பதிவும் தன்னை எந்தச் செயலி படிக்கலாம் என்ற பட்டியலை வைத்திருக்கிறது. செயலியை அது அடையாளம் காண்பது டிஜிட்டல் கையொப்பத்தை வைத்து. புதுப்பிப்புக்குப் பின் அந்தப் பொருத்தம் குலைந்தால், ‘இந்தச் செயலி கீசெயினில் உள்ள ரகசியத் தகவலைப் பயன்படுத்த விரும்புகிறது’ என்ற பொருளில் ஒரு சாளரம் எழும்பிக் கடவுச்சொல் கேட்கும். அது கேட்பது மேக் கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லை. பார்ப்பவரோ அஞ்சல் பிரச்சினையில் இருக்கிறார், அதனால் அஞ்சலின் கடவுச்சொல்லைத் தட்டுகிறார். அது மறுக்கப்பட்டவுடன் கணக்கையே யாரோ திருடிவிட்டார்கள் என்று பயந்துவிடுகிறார். கடவுச்சொல் கேட்கும் சாளரத்தில், கேட்பது யார், எதற்கான கடவுச்சொல் என்ற இரண்டையும் படித்த பிறகே விசைப்பலகையைத் தொட வேண்டும்.

இனி டோக்கன்களுக்கு, அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் செயலி காட்டும் அனுமதிச் சீட்டுகளுக்கு வருவோம். ஜிமெயில், அவுட்லுக்.காம் போன்ற சேவைகளில் கணக்கைச் சேர்க்கும்போது ஓர் உலாவிச் சாளரம் திறந்து, நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் உள்நுழையச் சொல்கிறது அல்லவா? அந்த முறையின் பெயர் ஓஆத். அதில் செயலியின் கைக்குக் கடவுச்சொல் வருவதே இல்லை. அதற்குப் பதில் இரண்டு டோக்கன்கள் கிடைக்கின்றன. ஒன்று குறுகிய ஆயுள் கொண்டது, கூகுளில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மற்றொன்று நீண்ட நாள் செல்லும் புதுப்பிப்பு டோக்கன். மாதாந்திர பாஸைக் காட்டி அன்றன்றைக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொள்வதைப்போல, இதைக் காட்டிச் செயலி புதுப்புது குறுகிய டோக்கன்களைப் பெறுகிறது. இந்த டோக்கன்களும் முன்சொன்ன பெட்டகத்தை நம்பியே இருக்கின்றன. புதுப்பிப்பில் பெட்டகம் பாதிக்கப்பட்டால் டோக்கன் தொலையும், செயலி மறுபடி உள்நுழையச் சொல்லும். ஒருமுறை உலாவிச் சாளரத்தில் உள்நுழைந்தால் புதிய டோக்கன் கிடைத்துவிடும், விஷயம் முடிந்தது.

இந்த நேரத்தில் கடவுச்சொல்லை மாற்றுவதுதான் மிகப் பெரிய கேடு. கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினால், ஜிமெயில் அனுமதி பெற்றிருந்த புதுப்பிப்பு டோக்கன்கள் செல்லாமல் போகும். பழைய செயலிகளுக்காகத் தனியே எடுத்து வைத்திருந்த செயலிக் கடவுச்சொற்களும் ரத்தாகும். ஒரு கணினியில் இருந்த சிக்கல் கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் அலுவலகக் கணினிக்கும் பரவிவிடும். கணக்கு உண்மையாகவே திருடப்பட்டிருக்கிறது என்பதற்கு ஆதாரம் இருந்தால் உடனே மாற்றத்தான் வேண்டும். செயலி கேட்கிறது என்பது அதற்கு ஆதாரமாகாது.

அலுவலகக் கணினிகளில் டோக்கனுக்கான சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லுக்குள் கட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றினாலோ அதன் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்தாலோ சில நேரங்களில் 80090016 என்ற பிழை எண் வரும். அந்தச் சில்லை அழித்துத் துவக்குங்கள் என்று யாராவது சொன்னால், வட்டை மறையாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்பு எண் கையில் இருக்கிறதா என்று பார்க்காமல் செய்யாதீர்கள். மின்னஞ்சலோடு வட்டில் உள்ள எல்லாமே பூட்டிக்கொள்ளும் அபாயம் அதில் இருக்கிறது.

பெட்டகமும் டோக்கனும் சரியாக இருந்தும் இணைப்பு அமையாமல் போவதுண்டு. காரணம், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் இயங்குதளங்கள் கண்டிப்பை ஏற்றிக்கொண்டே போகின்றன. 1999-இன் டிஎல்எஸ் 1.0, 2006-இன் டிஎல்எஸ் 1.1 ஆகிய பாதுகாப்பு நெறிமுறைகள் 2021 மார்ச்சில் முறைப்படி கைவிடப்பட்டன. அதற்கும் முன்பே, 2019-இல் வந்த மேக் ஓஎஸ் காட்டலினாவும் ஐஓஎஸ் 13-உம் சான்றிதழ்களுக்குப் புதிய விதிகளைக் கொண்டுவந்தன. சான்றிதழில் உள்ள ஆர்எஸ்ஏ வகை மறையாக்கச் சாவியின் நீளம் குறைந்தது 2048 பிட் இருக்க வேண்டும். ஷா-1 என்ற பழைய முறையில் இட்ட டிஜிட்டல் கையொப்பம் செல்லாது. சர்வரின் பெயர் அதற்குரிய தனிப் புலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 2019 ஜூலை 1-க்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ் 825 நாட்களுக்கு மேல் செல்லுபடியாகக் கூடாது. ஒரு சிறு நிறுவனமோ கல்லூரியோ பல ஆண்டுகளுக்கு முன் தானே தயாரித்துப் பொருத்திய சான்றிதழோடு அஞ்சல் சர்வரை ஓட்டிக்கொண்டிருந்தால், புதுப்பித்த மேக்கிலிருந்து அதற்குள் நுழைய முடியாது. பக்கத்து மேசையில் இருக்கும் பழைய கணினியோ நன்றாக வேலை செய்யும். பார்ப்பவர் புதுப்பிப்பைத் திட்டுவார். என் பார்வையில் அந்தப் புதுப்பிப்பு தன் கடமையைச் செய்திருக்கிறது, தவறு சர்வரின் பக்கம். எச்சரிக்கையை மீறி ‘எப்படியும் இணை’ என்று அழுத்துவதைவிட, சான்றிதழை மாற்றச் சொல்லி நிர்வாகியிடம் கேட்பதுதான் முறை.

கடிகாரத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கிறது. கணினியின் தேதி பின்தங்கியிருந்தால் நேற்று வழங்கிய சான்றிதழ் ‘இன்னும் நடைமுறைக்கு வராதது’ ஆகிவிடும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்போர் இதில் தனியாகக் கவனிக்க வேண்டும். மதர்போர்டில் ஓடும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. ஒன்றைப் புதுப்பித்துவிட்டு மற்றொன்றுக்குத் திரும்பினால், இந்தியாவிலும் இலங்கையிலும் கடிகாரம் சரியாக 5 மணி 30 நிமிடம் தள்ளி நிற்கும். அலுவலகங்களில் பயன்படும் கெர்பரோஸ் என்ற உள்நுழைவு முறை வழக்கமாக 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுத்துக்கொள்ளும். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்க எண்ணைக் கணினியிலேயே உருவாக்கிக்கொள்பவர்களுக்கு, அந்த எண்ணும் தவறாகவே வரும்.

வேறு சில நேரங்களில் புதுப்பிப்பு வெறும் சாட்சி. கடவுச்சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் பழைய முறையைப் பெரிய நிறுவனங்கள் படிப்படியாக மூடிவிட்டன. தனிநபர் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே 30-இல் மூடத் தொடங்கியது. நிறுவனங்களுக்கான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரில் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக்.காம் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 கடைசி நாள். கணினியைப் புதுப்பித்த கையோடு கணக்கை நீக்கிவிட்டுப் பழைய செயலியில் திரும்பச் சேர்த்தால், சேராது. ஜிமெயிலுக்கு இரு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் எடுத்துக்கொள்ளலாம். அவுட்லுக்.காமுக்கு ஓஆத் தெரிந்த செயலிதான் வேண்டும். தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலியைப் பயன்படுத்துவோர் சர்வர் அமைப்புகளில் உள்நுழைவு முறை ‘சாதாரண கடவுச்சொல்’ என்று இருந்தால் ஓஆத்2-க்கு மாற்ற வேண்டும். ஜிமெயிலுக்கு அங்கே குக்கீகளையும் அனுமதிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூகுளின் உள்நுழைவுப் பக்கம் நிறைவடையாது.

உண்மைக் காரணத்தைச் சொல்ல சர்வர்களுக்கு வாய் இல்லாமல் இல்லை. அஞ்சலை எடுத்துவரும் ஐமேப் நெறிமுறைக்கு 2009-இல் ஆர்எஃப்சி 5530 என்ற ஆவணம் வந்தது. அதன்படி சர்வர் உள்நுழைவை மறுக்கும்போது காரணக் குறியீட்டையும் சேர்த்து அனுப்பலாம். பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை என்பதற்கு ஒரு குறியீடு, கடவுச்சொல் காலாவதியானது என்பதற்கு ஒன்று, மறையாக்கம் இல்லாத இணைப்பில் அனுமதிக்க மாட்டேன் என்பதற்கு ஒன்று, உள்ளே ஒரு துணை அமைப்பு தற்காலிகமாக இயங்கவில்லை என்பதற்கு ஒன்று. இவ்வளவு தெளிவான பதிலைச் சர்வர் தந்த பிறகும், அதை மறைத்துக் ‘கடவுச்சொல் தவறு’ என்று மட்டும் செயலி காட்டினால் அது பயனருக்குச் செய்யும் அநீதி. வயதானவர்கள் எத்தனையோ பேர் இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு இணையத்தில் உதவி எண் தேடி, போலி உதவி மையங்களிடம் சிக்குகிறார்கள். தொலைபேசியில் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்பவர், உங்கள் கணினித் திரையைத் தன்வசம் ஒப்படைக்கச் சொல்பவர், எந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, முதலில் உலாவியைத் திறந்து, அஞ்சல் சேவையின் முகவரியை நீங்களே தட்டி, அதே கடவுச்சொல்லால் உள்ளே போய்ப் பாருங்கள். உள்ளே விட்டால் கடவுச்சொல்லும் கணக்கும் நலம், கோளாறு கணினியிலோ செயலியிலோ அல்லது உள்நுழைவு முறையிலோ இருக்கிறது. பிறகு தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் பாருங்கள். அஞ்சல் வருவது நின்றதா, போவது நின்றதா என்றும் பிரித்துப் பாருங்கள். வருவதற்கு ஐமேப், வழக்கமாக 993-ஆம் போர்ட். போவதற்கு எஸ்எம்டிபி, 587 அல்லது 465. இரண்டுக்கும் கடவுச்சொல் தனித்தனியே சேமிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் ஒன்று மட்டும் அறுவது சகஜம். 2017 செப்டம்பர் 19-இல் ஐஓஎஸ் 11 வந்தபோது, அவுட்லுக்.காம், ஆபிஸ் 365 கணக்குகளிலிருந்து மெயில் செயலியால் அஞ்சல் அனுப்ப முடியாமல் போனது. ஒரே வாரத்தில் 11.0.1 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. அந்த வாரத்தில் பயனர் எதை மாற்றியிருந்தாலும் வீண்தான். உங்கள் பதிப்பின் பெயரையும் பிழைச் செய்தியையும் சேர்த்துத் தேடிப் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

இதற்குப் பின்னும் தீராவிட்டால், பெட்டகத்தில் அந்த அஞ்சல் சேவைக்கான பதிவை மட்டும் நீக்கிவிட்டுச் செயலியைத் திறந்து, அது கேட்கும்போது மறுபடி உள்நுழையுங்கள். கணக்கையே நீக்கிச் சேர்ப்பதைக் கடைசிக்கு வையுங்கள். ஐமேப் கணக்கு என்றால் அஞ்சல்கள் சர்வரில் இருக்கும், திரும்ப இறங்கும். அஞ்சல்களைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பழைய பாப் முறையில் அமைத்த கணக்கு என்றால் பழைய அஞ்சல்கள் உங்கள் வட்டில் மட்டுமே இருக்கக்கூடும், கணக்கை நீக்கும்போது அவையும் போய்விடலாம். மேக்கில் ‘என் மேக்கில்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் கோப்புறைகளும் சர்வரில் இல்லாதவை. கணக்கில் கை வைப்பதற்கு முன் இவற்றைப் பிரதி எடுத்து வையுங்கள்.

நிர்வாகியிடமோ சேவை நிறுவனத்திடமோ போகும்போது, பிழைச் செய்தியின் முழு வாசகம், அது வந்த நேரம், இயங்குதளத்தின் பதிப்பு, செயலியின் பதிப்பு, உலாவியில் உள்நுழைய முடிந்ததா என்ற விவரம் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். நேரம் சரியாக இருந்தால், சர்வரின் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேடி, உங்கள் செயலி காட்டாமல் மறைத்த காரணத்தை அவர்களால் படித்துச் சொல்ல முடியும்.