மந்தமாகக் கேட்கும் ரிசீவர்: ஐசியைக் கழற்றும் முன்

வீட்டிலேயே பாகங்களைப் பற்றவைத்துச் செய்த ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) கிட் ஒன்று ‘சிக்னல் சரியாகவே கேட்கவில்லை’ என்று என் மேசைக்கு வந்தால், பாதி நேரம் கோளாறோடு இன்னொரு சேதமும் கூடவே வருகிறது. சந்தேகத்தில் மிக்சர் ஐசியை (வரும் சிக்னலின் அலைவரிசையை மாற்றும் சிப்பை) கழற்றியிருப்பார்கள். கழற்றும்போது போர்டின் செப்புத் தடமும் பெயர்ந்திருக்கும். பழைய ஐசி நன்றாகத்தான் இருந்திருக்கும். கோளாறு பக்கத்துக் காயிலின் (கம்பிச்சுருளின்) காலில் இருக்கும்.

அடியோடு செத்த ரிசீவர் வேறு, மந்தமாகக் கேட்கும் ரிசீவர் வேறு. கொஞ்சமாவது கேட்கிறது என்றால் ஐசிகள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. சிக்னல் வரும் வழியில் எங்கோ பெரும்பகுதி வீணாகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தைத் தேடாமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் காசும் போகும், போர்டும் போகும்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கிட்டை பேட்டரியில் ஓட்டி, ஆன்டெனாவைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். மாட்டியதும் இரைச்சல் தெளிவாக உயர்கிறதா? உயர்ந்தால் ரிசீவரின் உணர்திறன் போதுமானது. 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் வானிலிருந்து வரும் இரைச்சலே ரிசீவர் தனக்குள் உண்டாக்கும் இரைச்சலைவிட அதிகம். அது கேட்கிறபோது, அதற்கு மேல் உணர்திறனைக் கூட்டுவதில் பயனில்லை. பிறகும் நிலையங்கள் கேட்கவில்லையென்றால் பழி ஆன்டெனா மீதோ, நேரத்தின் மீதோ, வீட்டு எல்இடி விளக்கு, சார்ஜர் மீதோதான். மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்தாலே விளக்கும் சார்ஜரும் மாட்டிக்கொள்ளும்.

நேரம் என்றதும் பலர் நம்ப மறுக்கிறார்கள். பகலில் அயனிமண்டலத்தின் கீழ் அடுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை உறிஞ்சிவிடும். அருகிலுள்ள நிலையங்கள்தான் கிடைக்கும். தூரத்து நிலையங்கள் இருட்டிய பிறகு வரும். 14 மெகாஹெர்ட்ஸ் ஏறக்குறைய இதற்குத் தலைகீழ். உச்சிவேளையில் கண்டங்கள் தாண்டிக் கேட்கவில்லையே என்று காயிலைப் பிரித்தவர்கள் உண்டு. 7 மெகாஹெர்ட்ஸ் அரை அலை டைபோலுக்கு (நடுவில் இணைப்பு எடுக்கும் நேர்க்கம்பி ஆன்டெனாவுக்கு) மொத்தம் 20 மீட்டர் கம்பி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அறைக்குள் தொங்கும் 3 மீட்டர் கம்பிக்கு எந்தக் கிட்டும் பொறுப்பேற்காது. வெளியே கட்டும்போது மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் மட்டும் போகவே போகாதீர்கள்.

ஆன்டெனாவை மாட்டியும் இரைச்சல் உயரவில்லையா? சரி, இப்போது கிட்டைத் திறக்கலாம். பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டால் ‘உர்ர்’ என்று பலமாகக் கேட்க வேண்டும் (இதையும் பேட்டரியில் மட்டுமே செய்யுங்கள்). கேட்டால் ஆடியோ பகுதி சரி. கேட்கவில்லை, அங்கே இருப்பது எல்எம்386 என்ற ஆடியோ பெருக்கி ஐசி என்றால் 5ஆம் காலில் சப்ளையில் பாதி மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளந்துபாருங்கள். அதன் 1, 8 கால்களுக்கு நடுவே 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் இருந்தால் பெருக்கம் 200 மடங்கு, இல்லாவிட்டால் 20 மடங்குதான். அது ஒன்று சரியாகப் பற்றாவிட்டாலே ரேடியோ முணுமுணுக்கும்.

ஆடியோ தேறிவிட்டதா? அப்புறம் நேராகக் காயிலுக்குப் போய்விடுவேன். என் அனுபவத்தில் மந்தமான ரிசீவரின் கோளாறு அதிகம் தங்குவது அங்கேதான்.

டொராய்டில் (காயில் சுற்றும் வளையத்தில்) சுற்றும் கம்பிக்கு எனாமல் பூச்சு உண்டு. சிலவற்றின் பூச்சு சால்டரிங் சூட்டிலேயே உருகும், சிலவற்றில் உருகாது. உருகாத கம்பியைச் சுரண்டாமல் பற்றவைத்தால் ஈயம் வெளியே பளபளவென்று அழகாகப் படியும். உள்ளே செம்பைத் தொட்டிருக்காது. ஆனாலும் ஈயத்துக்கும் செம்புக்கும் நடுவே பூச்சு இருப்பதால் அந்த இணைப்பு ஒரு குட்டிக் கப்பாசிட்டர் போல ஆகி, சிக்னலில் ஒரு துளியை விட்டுவிடும். ரேடியோ சாகாமல் மந்தமாவது இப்படித்தான். மல்டிமீட்டரும் இங்கே ஏமாற்றும்: கம்பியை வெட்டிய முனை வெறும் செம்பு, அதில் முள்ளை வைத்தால் ‘பீப்’ அடித்துவிடும். காயில் முனையில் அளக்காமல், அதே தடத்தில் அடுத்திருக்கும் பாகத்தின் காலில் வைத்து அளந்துபாருங்கள். பீப் இல்லையென்றால் கம்பியைக் கழற்றி, நுனியை எல்லாப் பக்கமும் சுரண்டி, ஈயம் சுற்றிலும் சீராகப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகு மறுபடி பொருத்துங்கள்.

அடுத்தது சுற்றுக் கணக்கு. வளையத்தின் துளைக்குள் கம்பி எத்தனை முறை நுழைகிறதோ அத்தனை சுற்று. வெளிப்பக்கத்தை எண்ணினால் ஒன்று தவறிப்போகும். ஒன்றுதானே என்று விட முடியாது, காயிலின் இண்டக்டன்ஸ் (எந்த அலைவரிசையில் ஒத்திசையும் என்பதை முடிவுசெய்யும் அளவு) சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது. 16 சுற்றுக்குப் பதில் 15 என்றால் சுமார் 12 சதவீதம் குறையும், 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒத்திசைய வேண்டியது 7.5ஐத் தாண்டிப் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க டிரிம்மரே (காயிலோடு சேர்ந்த, திருகினால் அளவு மாறும் சிறு கப்பாசிட்டரே) போதும். பிளாஸ்டிக் திருப்புளியால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். சத்தம் இரண்டு இடங்களில் உச்சத்துக்கு வர வேண்டும். ஒரே இடத்தில் மட்டும் வந்தால் டிரிம்மர் தன் எல்லையில் நிற்கிறது. தகடுகள் முழுவதும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கையில் உச்சம் என்றால் இண்டக்டன்ஸ் போதவில்லை: சுற்றுகளை நெருக்குங்கள், அல்லது ஒன்று கூட்டுங்கள். தகடுகள் முழுவதும் விலகியிருக்கும்போது என்றால் சுற்றுகளை விலக்குங்கள். உலோகத் திருப்புளி வேண்டாம், எடுத்ததும் டியூனிங் நகர்ந்துவிடும்.

காயிலும் சரி, டிரிம்மரும் சரி என்றால் கப்பாசிட்டர் எண்களை லென்ஸ் வைத்துப் படியுங்கள். 101 என்றால் 100 பிகோஃபாரட், 104 என்றால் அதைப்போல ஆயிரம் மடங்கு. 470 என்று அச்சிட்ட பீங்கான் கப்பாசிட்டர் பெரும்பாலும் 47 பிகோஃபாரட்தான். 470 பிகோஃபாரட்டில் 471 என்று இருக்கும்.

கிட் டிரான்சீவராக (கேட்கவும் ஒலிபரப்பவும் செய்வதாக) இருந்து, உங்களிடம் உரிமமும் இருந்தால் இன்னொரு குறுக்குவழி உண்டு. 50 ஓம் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டரில்) ஒலிபரப்பிப் பாருங்கள். முழு வாட்டும் வருகிறதென்றால், பல கிட்களில் ஒலிபரப்பும் பக்கமும் ரிசீவர் பக்கமும் பகிர்ந்துகொள்ளும் லோ பாஸ் ஃபில்டர் (உயர் அலைவரிசைகளைத் தடுக்கும் வடிகட்டி) தப்பித்தது. அப்போது ரிசீவர் பக்கத்துக்கு மாற்றும் ரிலேயையோ டயோடையோ பாருங்கள். ரிலேயை ஒரு சிறிய கப்பாசிட்டரால் தற்காலிகமாகத் தாண்டிக் கேட்டாலே தெரிந்துவிடும். அந்தக் கப்பாசிட்டரை எடுக்காமல் ஒலிபரப்புப் பொத்தானைத் தொட்டுவிடாதீர்கள்.