விழுங்கிய மாத்திரைக்கு ரோல்பேக் இல்லை

பினாங்கில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு மாலை வார்டு மிஸ்ஸி (தாதி) ஒருவர் அழைத்தார். "தம்பி, ஒரே மருந்து ரெண்டு தடவை வந்திருக்கு. டாக்டர் ஒரு தடவைதான் எழுதினாரு." அது வார்ஃபரின். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து. அளவு கூடினால் உள்ளே கசிவு ஏற்படலாம். அந்த அக்கா கவனித்ததால் நோயாளி தப்பினார். எங்கள் மென்பொருள் கவனிக்கவில்லை.

மருந்துச்சீட்டு, மருந்தகம், கட்டணம் மூன்றும் தனித்தனி மைக்ரோசர்விஸ், அதாவது தனியாக இயங்கி ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் சிறு மென்பொருள்கள். மூன்றுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். மருந்தகம் ஆர்டரைப் பதிந்துவிட்டது. பதில் வருமுன் டைம்அவுட், காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது. போய்ச் சேரவில்லை என்று நினைத்து மருந்துச்சீட்டுப் பக்கம் மறுபடி அனுப்பியது. ஆர்டருக்கு அடையாள எண் வைத்திருந்தோம்தான். ஆனால் ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் புதிய எண் உருவானது! மருத்துவர் பட்டனை அழுத்தும்போதே எண் ஒருமுறை பிறந்து சேமிக்கப்பட வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண். மருந்தகம் அந்த எண்ணை முன்பே பார்த்திருந்தால் புதிதாகப் பதியாமல் பழைய பதிலையே தர வேண்டும்.

மூன்றிலும் பதிவு ஒத்துப்போக, எல்லா டேட்டாபேஸையும் பூட்டி, எல்லாம் தயாரானதும் ஒன்றாகப் பதியும் டூ-ஃபேஸ் கமிட் முறை உண்டு. நடுவில் ஒன்று நின்றால் மற்றவை பூட்டோடு காத்திருக்கும், வார்டு காத்திருக்காது.

அதனால் பலரும் சாகா முறைக்குப் போகிறோம். 1987இல் கணினி ஆய்வாளர்கள் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் எழுதியது: நீண்ட வேலையைச் சிறு படிகளாக உடை, ஒரு படி தவறினால் முந்தையவற்றை ஈடுசெய். 500 ரிங்கிட் முன்பணத்தைத் திருப்பித் தரலாம், கட்டிலை விடுவிக்கலாம். விழுங்கிய மாத்திரையை என்ன செய்வது? அதற்கு ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திருப்புவது, கிடையாது. ஆகவே ஒவ்வாமைச் சோதனை, இருப்பு ஒதுக்கீடு எல்லாம் முன்னால். மருந்து கொடுப்பது அவற்றுக்குப் பின். கொடுத்தபின் கட்டணப் பதிவு தவறினால் மருந்துப் பதிவை ரத்து செய்யாதீர்கள், கட்டணத்தை மட்டும் வெற்றி பெறும்வரை மறுபடி அனுப்புங்கள். அவசர மருந்தைக் காப்புறுதி நிறுவனத்தின் ஜிஎல் எனும் கட்டண உத்தரவாதக் கடிதத்துக்காக நிறுத்தி வைக்கும் வரிசையை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

ஈடுசெய்வது என்றால் அழிப்பது அல்ல. தவறான பதிவு அப்படியே இருக்கட்டும். யார், எப்போது, ஏன் திருத்தினார் என்று அதன்மேல் புதிய பதிவு வரட்டும். அடுத்த ஷிஃப்ட் மருத்துவர் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இந்த வாரமே சோதனைச் சூழலில் செய்து பாருங்கள்: மருந்தகம் ஆர்டரைப் பதிந்தபின், பதில் அனுப்புமுன் அதை நிறுத்துங்கள். மீண்டும் இயக்கியதும் வார்டுத் திரையில் எத்தனை வார்ஃபரின் தெரிகிறது என்று எண்ணுங்கள்.