ராஜினாமா கேட்டால் உடனே எழுதிக் கொடுக்காதீர்கள்: ஆட்குறைப்பில் உங்களுக்குச் சேர வேண்டியவை

'மறுசீரமைப்பு' என்று நிறுவனத்திலிருந்து மெயில் வந்த சில நாளில் ஹெச்ஆர் அறைக்கு அழைப்பு வரும். அங்கே பெரும்பாலும் பணிநீக்க ஆணை தரமாட்டார்கள், ராஜினாமா கேட்பார்கள். "நீங்களே எழுதிக் கொடுத்துட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும்" என்பார்கள். நிறுவனம் ஆளைக் குறைத்தால் சட்டப்படி இழப்பீடு தர வேண்டும்; நீங்களாக விலகினால் தர வேண்டியதில்லை. அவர்கள் அக்கறையின் கணக்கு அவ்வளவுதான்.

இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, 2020 நடைமுறையில் இருக்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை (12 மாதத்தில் 240 நாள் போதும்) ஆட்குறைப்பு செய்ய, காரணம் குறிப்பிட்டு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். கூடவே ஆண்டுக்கு 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. இதை வேலையிலிருந்து நிறுத்தும்போதே கொடுத்தாக வேண்டும்.

"நீங்க மேனேஜர், இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை" என்பது அடுத்த பொறி. சட்டம் பார்ப்பது விசிட்டிங் கார்டை அல்ல, நீங்கள் அன்றாடம் செய்யும் வேலையை. கணினி நிரல் எழுதுவது, இயந்திரம் இயக்குவது, கணக்கு பதிவது போன்ற தொழில்நுட்ப, எழுத்தர் வேலைகளுக்குச் சம்பள உச்சவரம்பே கிடையாது. மாதம் 18,000 ரூபாய் என்ற வரம்பு மேற்பார்வையாளருக்கு மட்டும். உண்மையாகவே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்தான் முழுக்க வெளியே. ஆகவே யாருக்கும் லீவு அனுமதிக்கவோ, ஆள் எடுக்கவோ அதிகாரமில்லாத 'டீம் லீட்' என்றால், அதைக் காட்டும் மெயில்களின் விவரத்தை இப்போதே குறித்து வையுங்கள். அழைப்பு வந்த அன்றே லாக்இன் போய்விடும். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், மதிப்பீட்டுக் கடிதங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் கோப்புகளைத் தொடாதீர்கள். அதையே ஒழுங்கீனம் என்று சொல்லி இழப்பீடில்லாமல் அனுப்பிவிடுவார்கள்.

அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற நம்பிக்கையில் ஐடி ஊழியர்கள் பலர் ஏமாறுகிறார்கள். அந்த விதி 300 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டத்துக்கு மட்டும். அங்கேயும் விண்ணப்பித்து 60 நாளில் அரசு வாய் திறக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள்!

பேரம் பேசுமுன் கணக்குப் போடுங்கள். ஊதியம் 40,000, பணிக்காலம் 8 ஆண்டு 7 மாதம் என்று வைப்போம். ஆறு மாதத்தைத் தாண்டியதால் 9 ஆண்டு. இழப்பீடு 20,000 × 9 = 1,80,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி: 40,000 × 15 ÷ 26 × 9, சுமார் 2,07,692. நோட்டீஸ் மாதச் சம்பளம் வேறு. சம்பளச் சீட்டில் 'பேசிக்'கைக் குறைத்துக் காட்டியிருந்தாலும் கவலை வேண்டாம். படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியத்தில் சேரும். இந்தக் கூட்டுத்தொகைக்கு மேல் எழுத்தில் தந்தால் ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம். "ரெண்டு மாசச் சம்பளம்" என்றால் கணக்கை நீட்டிக் காட்டுங்கள்.

மிரட்டினால் அன்றே சொந்த மெயிலிலிருந்து எழுதுங்கள்: "நான் ராஜினாமா செய்யவில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயார்." ஏற்கெனவே கம்பெனி போர்ட்டலில் ராஜினாமாவை க்ளிக் செய்துவிட்டால், அது ஏற்கப்படுமுன் வற்புறுத்தலைக் குறிப்பிட்டுத் திரும்பப் பெறுங்கள். "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரியுள்ள தாளில் "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். கடைசிச் சம்பளத்துக்கு 45 நாள் என்பது கம்பெனி வழக்கம். சட்டப்படி இரண்டு வேலை நாள், கிராஜுவிட்டிக்கு 30 நாள்.

பிரிவை வேறு நிறுவனத்துக்கு விற்றால், இங்கே ராஜினாமா, அங்கே புது ஆர்டர் என்பார்கள். பழைய பணிக்காலம் தொடர்வதாக அந்த ஆர்டரில் வரி இல்லையென்றால் உங்கள் ஆண்டுகள் போயின.

புகார் எங்கே? தனியார் தொழிற்சாலை, ஐடி என்றால் மாநிலத் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். வங்கி, காப்பீடு, சுரங்கம், பெரிய துறைமுகம் என்றால் மத்திய அரசின் சமரச அலுவலர். மாற்றிக் கொடுத்தால் மாதங்கள் கழித்துத்தான் "எங்கள் வரம்பில் இல்லை" என்று திரும்பும். தேதி முத்திரையிட்ட நகல் வாங்காமல் வராதீர்கள். பேச்சுவார்த்தைக்கு நிர்வாகம் வராது, தேதி தள்ளிப்போகும், அலுவலர் மாறுவார். நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மனு கொடுத்து 45 நாள் ஆனதும், அலுவலரின் அறிக்கை இல்லாமலே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலை போன நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு இருந்தது. அந்த நினைப்பில் இருப்பவர்களின் மனு இனி கதவிலேயே திரும்பும்.