500 ரூபாய் விண்டோஸ்

பெங்களூரு அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரே கதையோடு மூன்று பேர் வந்தார்கள். மூன்றாமவர் கல்யாணப் போட்டோ எடுக்கும் ஓர் அண்ணன். லேப்டாப்பைத் திறந்தால், முகூர்த்தப் படங்கள் எல்லாவற்றின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஒரு படம்கூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'ரீட்மி' என்று ஒரு கோப்பு: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் 490.

பேக்கப் இருக்கிறதா என்று கேட்டேன். "இருக்கே தம்பி, ஹார்டு டிஸ்க்கை எப்பவும் இதுலயேதான் மாட்டி வச்சிருப்பேன்" என்றார். அதிலும் அதே நான்கு எழுத்து.

இது 'ஸ்டாப்' என்கிற ரான்சம்வேர் குடும்பம், அதாவது கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் வைரஸ். பழைய ரகங்கள் சிலவற்றைத் திறக்க இலவசக் கருவி உண்டு. இவருக்கு வந்தது புதிது. எப்படி வந்தது என்று தோண்டத் தேவையே இருக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு முன் வேறொரு கடையில் ஃபார்மேட் செய்திருக்கிறார். 500 ரூபாய்க்கு விண்டோஸ் ப்ரோ, ஆபீஸ், போட்டோஷாப் என எல்லாமே கிராக், அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு. "ஆன்டிவைரஸை ஆன் பண்ணிடாதீங்க, ஆக்டிவேஷன் போயிடும்" என்று புத்திமதி வேறு.

இனி கிராக் வேண்டாம் அண்ணே, காசு செலவழிக்க மனமில்லை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் இருக்கிறது என்றேன். அவர் கேட்டார்: "விண்டோஸே ஃப்ரீயாத்தானே கிடைக்குது, லினக்ஸ் எதுக்கு?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

விண்டோஸ் ஃப்ரீ கிடையாது. கிராக் போட்ட விண்டோஸும் ஃப்ரீ கிடையாது, அது ஓசி. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பல் மட்டுமல்ல, வயிற்றுக்குள்ளேயே பார்க்க வேண்டும். ஆக்டிவேட்டர் என்று ஒரு நிரலை ஓடவிட்டு, அதற்கு முழு அதிகாரம் கொடுத்து, காவலுக்கு இருந்த ஆன்டிவைரஸையும் நீங்களே வெளியே அனுப்புகிறீர்கள். யார் எழுதியது என்று தெரியாத நிரல்.

வயிற்றெரிச்சலான விஷயம் இன்னொன்று. அந்த அண்ணன் ஏற்கெனவே விண்டோஸுக்குக் காசு கொடுத்துவிட்டார்! 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் பிராண்டட் லேப்டாப்பின் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதே பதிப்பை இறக்கிப் போட்டால், இணையத்தில் சேர்ந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். இவருடைய மெஷினில் ஹோம் பதிப்பின் சாவி பத்திரமாகத் தூங்குகிறது. அதன் மேல் திருட்டு ப்ரோ. வீட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பூட்டை உடைக்கக் கூலி கொடுத்து ஆள் கூப்பிட்ட கதை.

லினக்ஸ் இலவசம் என்பது வேறு சங்கதி. ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுதத் தொடங்கிய கரு (கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி) அது. அதற்கு முன்பே, 1983-ல், ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய இயங்குதளத்தை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்திருந்தார். பயன்படுத்து, உள்ளே பார், மாற்று, பிறருக்குக் கொடு என்ற சுதந்திரம்தான் அங்கே பேச்சு, விலை அப்புறம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் குழப்பம். நம்மிடம் 'கட்டற்ற மென்பொருள்' என்று அழகான சொல் இருந்தும் நாமும் 'ஃப்ரீ' என்றே சொல்லிக் குழம்புகிறோம். ஓசியில் வருவது மட்டமாகத்தான் இருக்கும் என்பவர்களுக்கு: உங்கள் ஆண்ட்ராய்டு போனும் லினக்ஸ் கருவில்தான் ஓடுகிறது.

சரி, யாருக்கு எது? பிரவுசர், யூடியூப், கடிதம், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, இவ்வளவுதான் என்றால் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போதும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகளில் ஏறக்குறைய எதையும் விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அவற்றை எடைக்குப் போடாதீர்கள். எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) வாங்கி மாட்டி மின்ட் போட்டால் இன்னும் சில வருஷம் ஓடும். தமிழ்99 தட்டச்சும் வரும். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அது லினக்ஸின் குற்றமில்லை, அவை உங்கள் போனிலும் கன்னாபின்னாவென்றுதான் தெரியும்.

டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரருக்கு நான் லினக்ஸ் போட மாட்டேன். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்பவருக்கும் அப்படித்தான். பிரிண்டரையும் முதலில் சோதித்துப் பார்ப்பேன். சில பழைய லேசர் பிரிண்டர்களுக்கு டிரைவர் தேடியே பொழுது போய்விடும். போட்டோக்கார அண்ணனின் ஆல்பம் டெம்ப்ளேட் எல்லாம் போட்டோஷாப் கோப்புகள். இந்த வயதில், லினக்ஸில் படம் திருத்த உதவும் கிம்ப்பைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குச் சொந்தமான ஹோம் பதிப்பையே திரும்பப் போட்டேன். போட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்டச் சொன்னேன். முகம் சுளித்தார். கேமராவுக்கு லட்சம் கொடுத்தவர்தான்.

தயவுசெய்து, ஃபார்மேட்டுக்குக் கொடுக்கும்போது எந்தப் பதிப்பு போடுகிறீர்கள் என்று கேளுங்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னால் மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். பேக்கப் டிஸ்க்கை வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள், மாட்டியே இருப்பது பேக்கப் அல்ல. கோப்புகள் பூட்டிக்கொண்டால் முதலில் நெட்டைத் துண்டியுங்கள். எதையும் அழிக்காதீர்கள், பணமும் அனுப்பாதீர்கள். இந்த வகை பல நேரம் பாஸ்வேர்டு திருடனையும் கூடவே கூட்டிவரும். பேங்க், மெயில் பாஸ்வேர்டுகளை வேறு கருவியிலிருந்து அன்றைக்கே மாற்றுங்கள். பேங்கில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே போன் அடியுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

அண்ணனின் கேமரா கார்டுகள் இரண்டையும் வாங்கி வைத்தேன். ஃபார்மேட் செய்திருந்தாலும், மேலே வேறு படம் பதியாத வரை பழையது உள்ளேதான் இருக்கும். லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, அழிந்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக்கை ஓடவிட்டேன். ஒரு கார்டில் ரிசப்ஷன் முழுக்கக் கிடைத்தது. தாலி கட்டும் படங்கள் இருந்த கார்டில் அப்புறம் ஒரு காதுகுத்து எடுத்திருக்கிறார், பாதிதான் மிஞ்சியது.

"இது என்ன சாஃப்ட்வேர் தம்பி?"

"கட்டற்றது அண்ணே. காசு கிடையாது."

"அப்போ பில்லுல 1,500 எதுக்குப் போட்டிருக்கே?"