வேப்பிலைக்கு எந்தக் குறியீடு?

காப்புரிமை (பேட்டன்ட்) கேட்டு வருபவர்களிடம் "இதை முன்னாடியே யாராவது செய்திருக்கிறார்களா, பார்த்தீர்களா?" என்றால், "கூகுள்ல தேடினோம் சார், ஒண்ணும் வரலை" என்பார்கள். வராதுதான். போட்டியாளர் கண்ணில் படக்கூடாதென்றே ‘ஒரு கலவையும் அதன் தயாரிப்பு முறையும்’ என்று மொட்டையாகத் தலைப்பு வைப்பவர்கள் நிறைய. ஆனால் காப்புரிமை அலுவலகம் இடும் வகைப்பாட்டுக் குறியீடு தலைப்புக்கு மயங்காது. உள்ளே கோரியிருப்பதைப் பார்த்துத்தான் இடுவார்கள்.

1971 ஸ்ட்ராஸ்பர்க் உடன்படிக்கையில் உருவான பன்னாட்டு வகைப்பாடு, சுருக்கமாக ஐபிசி, இந்தியாவிலும் நடைமுறையில் உள்ளது. ஏ முதல் ஹெச் வரை எட்டுப் பெரும்பிரிவுகள், அவற்றின் கீழ் 70,000-க்கும் அதிகமான உட்பிரிவுகள்.

வேம்பையே எடுத்துக்கொள்வோம். வேப்பிலைச் சாற்றில் மருந்து செய்தால் ஏ61கே 36/58. அதே சாற்றைப் பயிருக்குத் தெளிக்கும் பூச்சிக்கொல்லியாக்கினால் ஏ01என் 65/26. பற்பசை என்றால் ஏ61கே 8-உடன் ஏ61கியூ 11-ம் சேரும். ஒரே விண்ணப்பத்துக்கு மூன்று நான்கு குறியீடுகள் விழுவதும் சகஜம். மருந்துப் பக்கம் மட்டும் துழாவிவிட்டு "புதுசுதான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூலிகைக்கு இவ்வளவு இடம் கிடைத்ததே பிற்பாடுதான். முன்பு தாவர மருந்துகளெல்லாம் ஏ61கே 35/78 என்ற ஒற்றை உட்பிரிவில் அடைந்து கிடந்தன. காயம் ஆற்ற மஞ்சள் என்று 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமையே கொடுத்துவிட்டார்கள் (நம் பாட்டிகளை யாரும் கேட்கவில்லை). இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் பழைய நூல்களைக் காட்டி எதிர்க்க, 1997-இல் அது ரத்தானது. அப்புறம், நம் பழைய மருத்துவ நூல்களில் உள்ளதைக் காப்புரிமை அலுவலகங்கள் தேடிப்பார்க்கும்படி தொகுத்த மரபு அறிவு மின்நூலகம் உருவானது. மூலிகைகளை விரிவாக வகைப்படுத்த வேண்டும் என்று இந்தியாவும் வலியுறுத்தியது. 2006-இல் நடைமுறைக்கு வந்த ஐபிசி எட்டாம் பதிப்பில் ஏ61கே 36 இடம்பெற்றது. தாவரக் குடும்பவாரியாக அடுக்கியிருப்பதால், அதில் மஞ்சள் 36/9066, பக்கத்திலேயே இஞ்சி 36/9068.

சரி, எப்படித் தேடுவது? எஸ்பேஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் இரண்டும் இலவசம். முதலில் சொல்லைப் போட்டு, உங்களுடையதை ஒத்த நாலைந்து ஆவணங்களைப் பிடியுங்கள். அவற்றின் முதல் பக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் குறியீட்டைக் குறித்துக்கொண்டு, அதை வைத்து மறுபடி தேடுங்கள். சீன, ஜப்பானிய ஆவணங்களும் வந்து விழும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் 2013 முதல் பயன்படுத்தும் சிபிசி என்ற கூட்டு வகைப்பாடு இன்னும் நுணுக்கமானது. எஸ்பேஸ்நெட்டில் அதையே போடலாம்.

விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். கடந்த 18 மாதத்துக்குள் தாக்கலாகி இன்னும் வெளியாகாதவை எந்தக் குறியீட்டிலும் சிக்காது. ஆகவே தாக்கல் செய்த பிறகும், ஒன்றரை வருடம் கழித்து அதே குறியீட்டில் இன்னொரு முறை தேடுங்கள்.